பன்னிரண்டாவது தட்டு

தார்த்து நகரில் பிப்ரவரி.
எமாயோகி ஆறு உறைந்து கிடக்கிறது,
யாரோ அதன்மேல் சைக்கிள் ஓட்டிப் போன தடத்தோடு.
ஆய்வகத்தின் பெட்டிக்குள் மட்டும்
முப்பத்தேழு பாகை, இரவும் பகலும்.

கைரே கம்பளிக் கையுறையைக் கழற்றி
ரப்பர் கையுறை மாட்டுகிறாள்.
மணி மூன்று.

பன்னிரண்டு தட்டுகள்.
எல்லாம் ஒரே எலியிடமிருந்து வந்தவை.
எலி செத்து அரை நூற்றாண்டாகிறது.
அதன் சிறுநீரகத்தின் தலைமேல் இருந்த சுரப்பியில்
முளைத்த கட்டி மட்டும்
சாக மறந்துபோய்
குப்பிகளில் உறைந்து
நாடு நாடாகத் தபாலில் போய்க்கொண்டிருக்கிறது.

உருண்டைச் செல்கள்.
ஒன்று இரண்டாவது தவிர
வேறெதற்கும் அவசரப்படாதவை.

அவற்றுக்கு இரண்டு விதமாகச் சொல்லிப் பார்க்கலாம்.
ஒரு காரணியை ஊற்றினால் பெருகும்.
இன்னொன்றை ஊற்றினால்
பெருகுவதை நிறுத்திவிட்டு நரம்பாகும்.
உள்ளே செய்தி போகும் பாதை வேறுவேறு என்றுதான்
கைரே முதலில் நினைத்தாள்.
பெரிதாக வேறில்லை.
ராஸ் தொட்டு ராஃப், ராஃப் தொட்டு மெக்,
மெக் தொட்டு எர்க்.
தீப்பிடித்த வீட்டுக்கு வாளி கைமாறுவதுபோல
அதே வரிசை, அதே கைகள்.

படச்சுருளில் அவளே பார்த்தாள்:
முதல் வரிசையில் கருத்த பட்டைகள்
ஐந்து நிமிடத்தில் தோன்றி
அரை மணியில் வெளிறிவிட்டன.
இரண்டாம் வரிசையில்
மாலைவரை கறுப்பு.

சொல் ஒன்றுதான்.
எவ்வளவு நேரம் சொன்னது என்பதில் இருக்கிறது
செல் என்னவாகும் என்பது.

(இதை உவமையாக்கி யாரிடமும் சொல்லக் கூடாதென்று
தனக்குத்தானே தடை போட்டிருக்கிறாள்.
மணவிலக்குப் பெற்ற ரைவோவிடம்
தொலைபேசியில் ஒருமுறை சொல்லிவிட்டு
வெகுநேரம் வருந்தினாள்.)

இன்று ஒன்பதாம் நாள்.
தட்டுகளில் கைகள் நீண்டுவிட்டன.
ஒன்றின் விரல் இன்னொன்றின் முதுகைத் தொட்டிருக்கிறது.
சூலெவின் குறிப்பு சொல்கிறது:
நான்கு மணிக்குக் காரணியைக் கழுவி எடு.
மூன்று முறை.
கைகள் எத்தனை நாளில் மடங்குகின்றன, எண்ணு.

கழுவினாள்.
ஒன்று, இரண்டு. உறிஞ்சு, ஊற்று, சாய்.
ஏழாவதில் கொட்டாவி.
பதினொன்றாவதில்
சன்னலுக்கு வெளியே பனி தள்ளும் வண்டி.

பன்னிரண்டாவதை
நுண்ணோக்கியின் கீழ் வைத்ததுதான் தவறு.
பிளாஸ்டிக்கில் ஒரு கீறல், மயிரிழை அகலம்.
அதன் விளிம்பில் ஒரு நரம்பின் நுனி
தடவித் தடவி வந்து நின்றிருக்கிறது.
விசிறிபோல் விரிகிறது, சுருங்குகிறது,
இந்தப் பக்கமா அந்தப் பக்கமா.
இருபது நிமிடம் பார்த்தாள்.
அது அந்தப் பக்கம் போனது.

தட்டை அப்படியே பெட்டிக்குள் வைத்தாள்.
பதிவேட்டில் எழுதினாள்:
எண் 12, கழுவவில்லை. காரணம்:
பேனா அங்கேயே நின்றது.
பதினாறு ஆண்டுகளில்
அந்தப் பேனா ஒரு காரணமும் தேடியதில்லை.
கோடு மட்டும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

காலையில் சூலெவ் பக்கத்தைத் திருப்பினான்.
அந்தக் கோட்டின் மேல் பென்சிலால்
'ஒப்பீட்டுத் தட்டு' என்று எழுதினான்.
நமக்கு அது வேண்டியிருந்தது,
குறிப்பில் சேர்க்க மறந்துவிட்டேன் என்றான்.
திட்டியிருந்தால் பரவாயில்லை போலிருந்தது அவளுக்கு.

பதினொன்றிலும்
கைகள் முடிச்சு முடிச்சாய் உதிர்ந்தன.
சில நாளில் உருண்டையாயின.
பிறகு, வெட்கமே இல்லாமல்,
மீண்டும் இரண்டிரண்டாகத் தொடங்கின.
ஒன்பது நாள் நரம்பாய் இருந்ததை
அவை எங்கும் குறித்துவைக்கவில்லை.

பன்னிரண்டு இன்னும் நரம்பாகவே இருக்கிறது.
இரண்டு நாளுக்கொருமுறை அதற்குப்
புதிதாகச் சொல்ல வேண்டும்.
குப்பியின் விலையைச் சூலெவ் நினைவூட்டினான்.

இருபத்து நான்காம் தேதி, சுதந்திர நாள்.
நீலம், கறுப்பு, வெள்ளையாய்
வாசல்தோறும் கொடி.
பேருந்து விடுமுறைக் கணக்கில் ஓடுகிறது,
அதாவது ஓடவில்லை.
கைரே பாலம் கடந்து நடக்கிறாள்.
ஐந்து மைக்ரோலிட்டர் ஊற்ற
போக நாற்பது நிமிடம்,
வர நாற்பது நிமிடம்.